கழுதையைக் காப்பாற்றியவர்கள்

நாற்பது பக்க வசனம் என்று சொல்லித்தான் அவளை வரச் சொல்லியிருந்தார்கள். ஒலிப்பதிவு அறையின் மேசைமேல் நான்கு பக்கம்தான் இருந்தது. மீதி எங்கேயோ அச்சாகிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குரல் கொடுப்பதுதான் அவள் தொழில். இருபது வருஷமாகிவிட்டது. யாரோ ஒரு நடிகை வாயசைக்க இவள் அழுதிருக்கிறாள், சோப்பு விளம்பரத்தில் சிரித்திருக்கிறாள், வங்கிக்குப் போன் செய்தவர்களைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறாள். ஊரில் பாதி லிஃப்டுகளில் 'கதவு மூடுகிறது' என்று சொல்வதும் அவள்தான். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். "வீட்லயும் உன் குரல், வேலைலயும் உன் குரல். மனுஷன் எங்கதான் போறது?" என்று வருகிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்வான். அலுப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் முதல் முறையாக ஒரு வீடியோ கேமுக்குக் குரல் கொடுத்தாள். 'கடைசிக் கணவாய்' என்று பெயர். சண்டை நடக்கும் மலைநாட்டிலிருந்து தப்பித்துப் போகும் ஒரு சுமைக்காரன்தான் கதாநாயகன். ஆடுகிறவர்தான் அந்தச் சுமைக்காரன். அவனோடு ஒரு கழுதையும் ஒரு மருத்துவச்சியும் கூடவே நடந்து வருவார்கள். மருத்துவச்சியின் குரல் இவளுடையது. கடைசியில் தொங்குபாலம் அறுந்துபோகும். சுமைக்காரன் கையில் இரண்டு கயிறு. ஒன்றின் நுனியில் மருத்துவச்சி, இன்னொன்றின் நுனியில் மூட்டைமுடிச்சோடு கழுதை. ஒன்றை விட்டால்தான் மற்றதை இழுக்க முடியும். எதை விடுவது என்பதை ஆடுகிறவரே முடிவு செய்ய வேண்டும்.

இப்போது இரண்டாம் பாகம் வரப்போகிறது. முதல் பாகத்தை முடித்தவர்கள் தங்கள் பழைய ஆட்டத்தை அப்படியே இதற்குள் கொண்டுவரலாம். அங்கே எடுத்த முடிவெல்லாம் கூடவே வரும். அங்கே காப்பாற்றியவர் இங்கே உயிரோடு இருப்பார். விட்டுவிட்டவர் இருக்க மாட்டார்.

டைரக்டர் உள்ளே வந்தான். மழையோ வெயிலோ தலையில் தொப்பி இல்லாமல் யாரும் அவனைப் பார்த்ததில்லை. அதனால் அந்தக் கட்டடம் முழுக்க அவனுக்குத் தொப்பி என்றுதான் பெயர்.

"மீதிப் பக்கம் வருதா தம்பி?"

தொப்பி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். "இல்லக்கா. நாலுதான்."

"நாப்பதுன்னு சொன்னாங்களே."

"நாப்பதும் எழுதியாச்சு. அப்புறம் மேல இருந்து ஒரு கணக்கெடுப்பு வந்துது. முதல் பாகம் ஆடினவங்க யார் யார் என்னென்ன முடிவெடுத்தாங்கன்னு." அவன் தரையைப் பார்த்தான். "நூத்துக்குப் பதினோரு பேர்தான் உங்களக் காப்பாத்தியிருக்காங்க. பதினோரு பேருக்காக நாப்பது பக்கம் எதுக்குன்னு கேட்டுட்டாங்க."

"மீதி எண்பத்தொம்பது பேர்?"

"கழுதையக் காப்பாத்தினாங்க."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். காதுமடல் சூடானது. கேம் விளையாட்டுதான், பொம்மைதான், அதெல்லாம் அவளுக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் யாரோ முன்பின் தெரியாத லட்சம் பேர் அவளையும் கழுதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யோசித்து, கழுதை பரவாயில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் பாட்டுக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு, மகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"கழுதை மேல சாமான் இருக்குல்ல, அதுக்காகவா இருக்கும்" என்றாள்.

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். அது இல்லக்கா." சொல்லலாமா வேண்டாமா என்று அவன் யோசிப்பது தெரிந்தது. "முதல் பாகத்துக்கு உங்களக் கூப்பிடறதுக்கு முன்னாடி, சும்மா சோதிச்சுப் பாக்க, இங்க வரவேற்புல இருந்த பொண்ண அந்த வசனத்தப் படிக்கச் சொன்னோம். அதே கழுதை, அதே சாமான். ஆடிப் பாத்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல அவளக் காப்பாத்தினாங்க. உங்க குரல் போட்டப்பறம்தான் பதினொண்ணு."

"அப்ப நான் சரியாப் பண்ணலையா?"

"ரொம்ப நல்லாப் பண்ணிட்டீங்க. 'என்ன விடு, நான் சமாளிச்சுக்குவேன், நீ போ.' இதான வசனம். கீழ பாதாளம், அதுல எங்க சமாளிக்கறது? அவ பொய் சொல்றான்னு கேக்கறவங்களுக்குத் தெரியணும், தெரிஞ்சு அடிச்சுப் பிடிச்சு இழுக்கணும். அதுக்குத்தான் எழுதினோம். அந்தப் பொண்ணு சொன்னப்ப எல்லாருக்கும் பொய்னு தெரிஞ்சுது. நீங்க சொன்னப்ப நம்பிட்டாங்க. நெறைய பேர் எழுதிக் கேக்கறாங்கக்கா, ரெண்டாம் பாகத்துல மருத்துவச்சி எப்படிப் பிழைச்சு வருவாங்கன்னு."

இது பாராட்டா, குற்றச்சாட்டா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கண்ணாடி அறைக்குள் போய் நின்றாள். நான்கு பக்கத்தைப் பேசி முடிக்க வழக்கமாக அரை மணி போதும். அன்று மதியம் வரை ஆனது. குரல் ஒரு நிலைக்கு வரவே இல்லை.

வீட்டில் சொன்னபோது புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைத் தள்ளி வைத்தான்.

"கழுதைக்காகவா? மனுஷங்களா அவங்கல்லாம்?"

"நூத்துக்கு எண்பத்தொம்பது பேராம்."

"நம்மள சுத்தி இருக்கறவங்கள நெனச்சா பயமா இருக்கு. நான்லாம் அந்தக் கயித்தப் பிடிச்சு இழுத்த இழுப்புல கையே வலிச்சுது." 'கடைசிக் கணவாய்' வந்த புதிதில் அவன்தான் உட்கார்ந்து ஆடினான், அறுபது மணி நேரம். அவளுக்குப் பட்டன் வைத்த அந்தக் கைப்பிடியைப் பிடிக்கவே வராது. மகளுக்கு அப்போது பதினோரு வயசு, ரத்தம் வருகிற ஆட்டம் என்று பக்கத்திலேயே விடவில்லை. மருத்துவச்சியைக் காப்பாற்றிய கதையை அவன் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். கல்யாண வீடு, பக்கத்து வீடு, எங்கே போனாலும் சொல்வான்.

மகளுக்கு இப்போது பதினேழு. "அப்பா, அதுல ஒரு பட்டன அமுக்கறதுதான. கை எப்படி வலிக்கும்?" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்" என்று அவன் எழுந்து கை கழுவப் போனான்.

ஐந்து மாதம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. தொப்பி வீட்டுக்கே ஒரு பிரதி அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் டிவி முன்னால் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கேம் பெட்டியின் வயர்களை மாட்டினாள். அம்மா சோபாவில். புருஷனோ பால்கனியில் ஒரு பழைய மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, இன்றைக்கே அதை முடித்தாக வேண்டும் என்றான்.

"அப்பா, வாப்பா. உன்னோட பழைய ஆட்டத்தக் கொண்டு வரணும்."

"புதுசாவே ஆரம்பிச்சுடலாமே. பழசு எதுக்கு."

"புதுசா ஆரம்பிச்சா அம்மா வரமாட்டாங்க."

"அதெல்லாம் அழிஞ்சிருக்கும். எத்தன வருஷமாச்சு."

அழியவில்லை. மகள் தேடினாள், அவன் பெயரிலேயே இருந்தது. 'உங்கள் பழைய பயணத்தைத் தொடரலாமா?' என்று திரை கேட்டது. மகள் ஆம் என்று அமுக்கினாள். பால்கனியிலிருந்து ஸ்பேனர் கீழே விழும் சத்தம் கேட்டது.

கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாக எழுந்து வந்தது.

மாவு ஆலை: எரிக்கப்படவில்லை.

பிடிபட்ட சிப்பாய்: விடுவிக்கப்பட்டான்.

கழுதை: உயிருடன் இருக்கிறது.

மருத்துவச்சி: கைவிடப்பட்டாள்.

திரையில் மலைப்பாதை விரிந்தது. மூட்டையோடு ஒரு கழுதை, கழுத்துமணி குலுங்க, சாவதானமாக நடந்து வந்தது. மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனதுபோல இருந்தது.

"கை தவறிப் பட்டிருக்கும்" என்றான் அவன், பால்கனிக் கதவருகே நின்று.

"மூணு தடவ கேக்கும்ப்பா. 'நிச்சயமா?'ன்னு" என்றாள் மகள் மெதுவாக.

"ஆறு வருஷம்" என்றாள் அவள். "போன மாசம்கூட உங்க தங்கச்சி வீட்ல சொன்னீங்க. இழுத்த இழுப்புல கை வலிச்சுதுன்னு."

"முதல்ல ஒரு தடவ சும்மா சொல்லிட்டேன். நீ அவ்ளோ சந்தோஷப்பட்ட. அப்புறம் எப்படி மாத்தறது."

"அது போகட்டும். ஏன் விட்டீங்க? சாமானுக்கா?"

"சாமான் என்ன சாமான்." அவன் உள்ளே வந்து, கையில் இருந்த கிரீஸைச் சட்டையிலேயே துடைத்தான். "நீதான் விடச் சொன்ன."

"நானா?"

"உன் குரல்தான. நான் வேற யார் குரலக் கேக்கறேன் நாள் முழுக்க? கதவு மூடுதுன்னு நீ சொன்னா கைய எடுத்துக்கறேன். நீ சமாளிச்சுக்குவேன்னு சொன்னா, சமாளிச்சுக்குவன்னுதான நெனப்பேன். எப்பவும் அப்படித்தான. ஆஸ்பத்திரிலகூட அதேதான் சொன்ன, நான் போனேன், நீயும் சமாளிச்சுட்ட."

அது அந்த கேமுக்குக் குரல் கொடுப்பதற்கு மூன்று வாரம் முன்னால் நடந்தது. பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன். மறுநாள் காலையில் அவனுக்குப் போன் வந்தது, வெளியூரில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று. அவன் கட்டிலருகே நின்று தயங்கினான். "நீங்க போங்க, நான் சமாளிச்சுக்குவேன்" என்றாள். அவன் போனான். வேலை இரண்டு நாள் இழுத்துவிட்டது. டிஸ்சார்ஜ் ஆகி, வாடகைக் காரில் தனியாக வந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடியில் ஒரு படியில் உட்கார்ந்து அழுததை யாரிடமும் சொன்னதில்லை.

"அன்னிக்கு நீங்க போகக் கூடாதுன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

"என்ன சொல்ற?"

"போகமாட்டீங்கன்னு நெனச்சேன். செருப்ப மாட்டினப்பகூடத் திரும்பி வந்துடுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"சொல்லாமத் தெரியும்னு இருந்தேன். கட்டின புருஷனுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்?" அவன் குரல் உயரவில்லை, உடைந்துதான் போயிருந்தது. "நூத்துல எண்பத்தொம்பது பேருக்குத் தெரியலையே. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

கழுதை ஒரு பாறையோரம் நின்று, கட்டளைக்காகக் காத்திருந்தது. மகள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"அந்தப் பழைய இடத்தப் போட முடியுமா?" என்று அவள் மகளிடம் கேட்டாள். "பாலம் அறுந்து போற இடம். நான் பேசறது."

முதல் பாகம் இன்னும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மகள் அதைக் கண்டுபிடித்தாள். காற்று இரைந்தது. கயிறு முறுகியது. மருத்துவச்சி அந்தரத்தில் தொங்கியபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன விடு. நான் சமாளிச்சுக்குவேன். நீ போ."

அதைப் பேசிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தையல் போட்ட இடம் இழுத்துக்கொண்டிருந்தது. ரொம்ப நெருங்கின ஒருத்தரிடம் சொல்கிற மாதிரி சொல்லுங்கள் என்று தொப்பி கேட்டான். அவள் எங்கேயும் தேட வேண்டியிருக்கவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னதையே எடுத்துச் சொன்னாள். ஒரே டேக்கில் ஓகே. 'சமாளிச்சுக்குவேன்' என்ற சொல்லின் நடுவில் ஒரு நடுக்கத்தை வைத்திருப்பதாக, அது கேட்கிறவர் நெஞ்சைப் போய்ப் பிடிக்கும் என்று, இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ போடு."

நடுக்கம் எங்கேயும் இல்லை. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நிதானமான, தெளிவான, கொஞ்சம் உற்சாகம்கூடக் கலந்த குரல். லிஃப்ட் கதவு மூடுகிறது என்று சொல்லும் அதே குரல். இதைக் கேட்டால் அவளே கயிற்றை விட்டிருப்பாள். குரலை வைத்துப் பிழைக்கிறவளுக்குத் தன் குரலில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

"அம்மா" என்றாள் மகள். கைப்பிடியைத் தரையில் வைத்துவிட்டாள். "நான் வெளியூர்ல போய்ப் படிக்கிறேன்னு சொன்னப்ப, 'போ, நான் சமாளிச்சுக்குவேன்'னு சொன்னியே. அது?"

இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இதுவரை கேட்டதில் எது நிஜம் என்று கணக்குப் பார்ப்பவர்களைப் போல.

"அதுவும் பொய்தான்" என்றாள். "ஆனா நீ போகணும். அது பொய் இல்ல."

"எதும்மா நான் எடுத்துக்கறது?"

"ரெண்டும்தான்."

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் சோபாவின் இன்னொரு நுனியில் உட்கார்ந்தான். "அன்னிக்கு நீ மூணு மாடியும் நடந்தா ஏறின?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றியதே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தலையாட்டினாள்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து, குளித்துவிட்டு, அவன் 'கடைசிக் கணவாய்' முதல் பாகத்தை முதலிலிருந்து ஆரம்பித்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தினமும் இரண்டு மணி நேரம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பாள், இல்லை மறுநாள் பேச வேண்டிய வசனத்தைப் பார்ப்பாள். சில நாள் பேசிக்கொள்வார்கள், சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆபரேஷன் பேச்சு இரண்டு முறை சண்டையாகவே மாறியது. அவன் அந்த இரண்டு நாளில் நாலு தடவை போன் செய்ததாகவும், நாலு தடவையும் அவள் 'நல்லா இருக்கேன்' என்றதாகவும் சொன்னான். அது உண்மைதான்.

ஐந்தாவது வாரம் பாலத்துக்கு வந்துவிட்டான். இரண்டு கயிறும் கையில். மருத்துவச்சி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவனுடைய கட்டைவிரல் பட்டன்மேல் நின்றது. அவன் திரையைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தான்.

"நான் சமாளிக்க மாட்டேன்" என்றாள் அவள்.

திரை மூன்று முறை 'நிச்சயமா?' என்று கேட்டது. மூன்று முறையும் அமுக்கினான். கழுதை கத்திக்கொண்டே கீழே போனது. அவன் கைப்பிடியை வைத்துவிட்டு, முகம் கழுவப் போனான். தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆட்டத்தை இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோனான். நான்கு பக்கம் வசனம் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துபோனது. "இவ்ளோதானா?" என்றான் அவன். "இன்னும் முப்பத்தாறு பக்கம் இருந்துது" என்று சொல்லி, ஞாபகம் இருந்தவரை அதில் என்னென்ன வரும் என்று ஒலிப்பதிவு நாளில் தொப்பி சொன்னதைச் சொன்னாள். அவன் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கல்லூரி திறக்கிற வாரம் மகளை ரயிலேற்றப் போனார்கள். பெட்டியைத் தூக்கி வைத்தாகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்த மகள், அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று கொஞ்சம் பயத்தோடு பார்த்தாள்.

"போயிட்டு வா" என்றாள் அவள். "நீ இல்லாம எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் குரல் பாதியில் கிழிந்தது. கரகரவென்று, மைக் முன்னால் என்றால் உடனே நிறுத்தி மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அப்படி ஒரு குரல். நடைமேடையில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன் திடுக்கிட்டு அவள் முழங்கையைப் பிடித்தான். அவளும்தான் திடுக்கிட்டாள், அது யாருடைய குரல் என்று ஒரு கணம் தெரியவில்லை.

"தெரியும்மா" என்றாள் மகள். ரயில் நகர்ந்தது.